மலைநாட்டு மைதானங்கள் – 14: பிஸ்கட் தொழிற்சாலையின் மூத்த மகன்

கண்டியிலிருந்து மகியங்கனை வீதியில் போனால், தென்னக்கும்புரைப் பாலத்தில் மகாவலியைக் கடந்த சற்று நேரத்தில் குண்டசாலை வந்துவிடும். கண்டி இராச்சியத்தின் கடைசிச் சிங்கள மன்னரான வீர பராக்கிரம நரேந்திரசிங்கன், 1707 முதல் 1739 வரை ஆண்டவர், தலைநகர் மாளிகையை விட இந்த ஆற்றங்கரையையே அதிகம் விரும்பினார். குடிமக்கள் அவரைக் ‘குண்டசாலைத் தெய்வம்’ என்றே அழைத்தார்கள். மதுரையிலிருந்து பெண் எடுத்தவர் அவர். அவருக்குப் பின் அரியணை அரசியின் அண்ணன் தம்பி வழிக்குப் போய், கண்டியில் நாயக்கர் ஆட்சி தொடங்கியது தனிக்கதை. அதை வேறு யாராவது எழுதட்டும். நமக்கு மைதானம்தான் கணக்கு.

குண்டசாலைக்குள் நத்தரன்பொத்த என்று ஓர் இடம். அங்கே சின்னசாமி முத்தையா ‘லக்கிலேண்ட்’ பிஸ்கட் தொழிற்சாலையை நடத்தினார். அவருடைய தந்தை பெரியசாமி சின்னசாமி 1920இல் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். பின்னாளில் அவர் பெண் பிள்ளைகளோடு திருச்சிக்கே திரும்பிவிட்டார். ஆண் பிள்ளைகள் இங்கேயே தங்கிவிட்டார்கள். தோட்டத்துக்கு வந்த ஒருவரின் மகன், ஒரே தலைமுறையில், கண்டிக் கடைகளுக்கெல்லாம் பிஸ்கட் அனுப்பும் முதலாளி ஆனார். மலையகத் தமிழர் வரலாற்றில் இப்படிப்பட்ட தாவல் அபூர்வம். அந்த முத்தையாவுக்கு நான்கு ஆண் பிள்ளைகள். மூத்தவர் 1972 ஏப்ரல் 17இல் பிறந்தார். பெயர் முரளிதரன்.

முரளிதரனின் 800 விக்கெட்டுகளைப் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அதற்கு முந்தைய ஒரு சின்ன இடைவெளி: 1991க்கும் 1992க்கும் நடுவே, பாடசாலைச் சீருடையைக் கழற்றிய ஓர் இளைஞர் பல்கலைக்கழகமும் போகாமல், கடைப் பொறுப்பும் ஏற்காமல், பந்தையே தொழிலாக எடுத்துக்கொண்ட காலம். அந்த முடிவை எடுக்க அவரால் எப்படி முடிந்தது, அவரைப் போன்ற மற்றப் பிள்ளைகளால் ஏன் முடியவில்லை என்பதுதான் கேள்வி.

இதே கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை போனது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

அங்கே கூடைப்பந்துக்கு என்.பி.ஏ. என்ற தொழில்முறைச் சங்கம். ஒரு மாணவர் உயர்பள்ளியை முடித்து நான்கு ஆண்டுகள் ஆகும்வரை எந்த அணியும் அவரைச் சேர்க்கக் கூடாது என்பது அன்று அதன் விதி. அந்த நான்கு ஆண்டுகளும் கல்லூரிக்கு ஆட வேண்டியிருந்தது. கல்லூரி சம்பளம் தரவில்லை, டிக்கெட் மட்டும் விற்றது. மிசிசிப்பியின் சில்வர் சிட்டியில் பத்துப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்த ஸ்பென்சர் ஹேவுட், 19 வயதில் 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். தாய் பருத்திக் காட்டில் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். வீட்டு நிலைமை அப்படி இருக்க, நான்கு ஆண்டுகள் இலவசமாக ஆட ஹேவுட்டுக்கு மனம் வரவில்லை. கல்லூரியை விட்டு, முதலில் போட்டிச் சங்கமான ஏ.பி.ஏ.யின் டென்வர் அணிக்குப் போனார். பிறகு 1970இல் என்.பி.ஏ.யின் சியாட்டில் அணி விதியை மீறி அவரை ஒப்பந்தம் செய்தது. வழக்கு வெடித்தது. 1971 மார்ச் 1ஆம் திகதி உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், அவர் ஆடுவதைச் சங்கம் தடுக்கக் கூடாது என்ற உத்தரவை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

தோற்ற சங்கம் ஒரு சமரச விதி செய்தது. முன்கூட்டியே வர விரும்பும் மாணவர் தன் குடும்பம் பணக் கஷ்டத்தில் இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டினால் கதவு திறக்கும். தொழிலில் சேர வறுமைச் சான்றிதழ் கேட்ட விதி உலக விளையாட்டில் வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான். 1976இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இதற்கிடையே 1974இல் மோசஸ் மலோன் என்ற வர்ஜீனியாப் பையன் கல்லூரிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாமல் நேரே ஏ.பி.ஏ.யில் ஆடப் போனார். பின்னர் கெவின் கார்னெட் 1995இல், கோபி பிரையன்ட் 1996இல், லெப்ரோன் ஜேம்ஸ் 2003இல் உயர்பள்ளியிலிருந்து நேராக என்.பி.ஏ.க்கு வந்தார்கள். 2005இல் சங்கம் மறுபடி கதவைச் சாத்தியது: 19 வயது ஆகியிருக்க வேண்டும், உயர்பள்ளியை விட்டு ஓராண்டாவது கழிந்திருக்க வேண்டும். அதன் பிறகு, ஒரே ஆண்டு கல்லூரியில் தலைகாட்டிவிட்டுப் போகும் மாணவர்கள் பெருகினார்கள்.

இலங்கையில் இப்படி எந்த விதியும் கிடையாது. எந்தச் சங்கமும் பாடசாலைப் பிள்ளையைப் பார்த்து ‘இன்னும் நாலு வருஷம் பொறு’ என்று சொன்னதில்லை. இங்கிலாந்துக்கு எதிராக 1982 பெப்ரவரியில் நாடு தன் முதல் டெஸ்ட்டை ஆடியபோது அணியில் ஆனந்தாக் கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தார். வயது 18. அவர் அடித்த 54 ஓட்டங்கள்தான் டெஸ்ட்டில் ஓர் இலங்கையர் எடுத்த முதல் அரைச்சதம். அர்ஜுன ரணதுங்கவின் கதை அப்படித் தொடங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1985 செப்டெம்பரில், சஞ்சீவ வீரசிங்க என்ற சுழற்பந்து வீச்சாளர் இந்தியாவுக்கு எதிராக இறங்கினார். வயது 17 ஆண்டும் 189 நாளும். அந்த ஆட்டத்தில்தான் இலங்கை தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. ஆனால் வீரசிங்கவுக்கு அதுவே முதலும் கடைசியுமான டெஸ்ட். இரண்டு பேருக்கும் கதவு ஒரே மாதிரித்தான் திறந்தது. உள்ளே போன பிறகு என்ன ஆகும் என்பதற்கு மட்டும் யாரும் உத்தரவாதம் தரவில்லை.

விதி இல்லாத நாட்டில் பிள்ளையைப் பிடித்து வைப்பது எது? வீடுதான். உயர்தரப் பரீட்சை, பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதி, கிடைக்காவிட்டால் வங்கியோ கம்பனியோ ஓர் உத்தியோகம். பாடசாலை கிரிக்கெட்டும் 19 வயதுக்கு உட்பட்ட விளையாட்டு. கடைசி ‘பிக் மேட்ச்’சும் கடைசிப் பரீட்சையும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் வந்து நிற்கும். ஒன்றுக்கு மைதானமே கைதட்டும். மற்றதற்குத் தகப்பன் காத்திருப்பார். கொழும்புப் பிள்ளைக்கு ஒரு வசதி உண்டு. பயிற்சி முடித்து வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடலாம். கண்டிப் பிள்ளைக்குப் பெரிய கழகங்களில் பெரும்பாலானவை கொழும்பில். தங்க இடமும் பார்க்க வேண்டும், போக்குவரத்துச் செலவும் பார்க்க வேண்டும்.

முத்தையா வீட்டு மூத்தவர் ஒன்பது வயதில் கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். பெனடிக்ட் சபைத் துறவிகள் நடத்திய பாடசாலை. தொடக்கத்தில் வேகப்பந்துதான் போட்டுக்கொண்டிருந்தார். 14 வயதில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ, ‘சுழற்பந்து போட்டுப் பார்’ என்று திருப்பிவிட்டார். உருவம் சிறிது, வேகத்துக்குக் காணாது. திருப்பியவர் எதைத் திருப்பினார் என்பது அன்று அவருக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை. எந்தப் பக்கமும் சுழலும் மணிக்கட்டு. நான்கு ஆண்டுகள் முதல் அணிக்கு ஆடினார், நடுவரிசையில் துடுப்பும் பிடித்தார். கடைசி இரண்டு பருவங்களில் நூறுக்கும் மேல் விக்கெட்டுகள். 1990–91 பருவத்துக்கு நாட்டின் சிறந்த பாடசாலை கிரிக்கெட் வீரருக்கான ‘பாட்டா’ விருது கண்டிக்கு வந்தது.

விருது வந்தது சரி. அடுத்தது என்ன?

அவர் கொழும்பு போய்த் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தார். 1899இல் தொடங்கிய கழகம். பொரளைக்குப் பக்கத்தில் பி. சரவணமுத்து மைதானம் அதன் வீடு. 1982இன் முதல் டெஸ்ட்டும், 1985இன் முதல் வெற்றியும் அந்த மைதானத்தில்தான் நடந்தன. 1991இல் இலங்கை ‘ஏ’ அணியோடு இங்கிலாந்து அனுப்பினார்கள். ஐந்து ஆட்டம் ஆடினார். ஒரு விக்கெட்கூடக் கிடைக்கவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பாடசாலையில் நூறு விக்கெட் எடுத்தவர், முதல் வெளிநாட்டுப் பயணத்தில் வெறுங்கையோடு திரும்பி வருகிறார். வயது 19. பட்டம் இல்லை, உத்தியோகம் இல்லை. சாதாரணக் குடும்பமாக இருந்தால் இந்தக் கட்டத்தில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ எழுந்து, ‘போதும் தம்பி, வேலைக்கு ஒரு விண்ணப்பம் போடு’ என்று சொல்லியிருப்பார். சொல்வதில் தப்பும் இல்லை. முரளிதரனின் பின்னால் ஒரு தொழிற்சாலை நின்றது. விக்கெட் விழாவிட்டால் பிஸ்கட் விற்கலாம். மூத்த மகன் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு கிரிக்கெட்டில் செலவழித்தால் அடுப்பு அணைந்துவிடாது. ஹேவுட் முன்கூட்டியே கிளம்பியதற்குக் காரணம் வீட்டில் ஒன்றும் இல்லாதது. குண்டசாலையில் அது தலைகீழ்: வீட்டில் இருந்ததால்தான் கிளம்ப முடிந்தது. அமெரிக்கச் சங்கம் கேட்ட சான்றிதழை முத்தையா குடும்பத்தால் எந்தக் காலத்திலும் கொடுத்திருக்க முடியாது.

அந்தத் தொழிற்சாலையும் சும்மா நிலைத்துவிடவில்லை. 1977 ஓகஸ்ட் கலவரத்தில் முத்தையா வெட்டுக்காயம் பட்டார். தொழிற்சாலையும் தாக்குதலுக்குத் தப்பவில்லை. முரளிதரனுக்கு அப்போது ஐந்து வயது. குடும்பம் ஊரைவிட்டுப் போகவில்லை, மறுபடி எழுந்தது. மலையகத் தமிழரில் எத்தனையோ குடும்பங்கள் அந்த ஆண்டும், பின்னர் 1983இலும், கப்பலேறிவிட்டன. ஒரு தகப்பனின் பிடிவாதம் ஒரு மகனின் பந்துவீச்சுக்கு எவ்வளவு தூரம் காரணம் என்று அளக்கக் கருவி கிடையாது. இருந்தாலும் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து திரும்பியவருக்கு 1992இல் வாய்ப்பு வந்தது. அலன் போடரின் அவுஸ்திரேலிய அணி வந்திருந்தது. பயிற்சி ஆட்டம் ஒன்றில் முரளிதரனின் பந்தைப் பார்த்துத் தேர்வாளர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஓகஸ்ட் 28ஆம் திகதி கெத்தாராம ஆர். பிரேமதாச மைதானத்தில் முதல் டெஸ்ட். முதல் விக்கெட் கிரெக் மெக்டர்மட், எல்.பி.டபிள்யூ. பாடசாலை கிரிக்கெட்டிலிருந்து டெஸ்ட் தொப்பி வரை வர ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு.

தொழிற்சாலை என்ற பாதுகாப்பு எவ்வளவு பெரியது என்பது மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1995 டிசெம்பர் 26, மெல்பேர்ண். நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களில் ஏழு முறை ‘நோ போல்’ என்று கை நீட்டினார். பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. பத்து நாளைக்குள் பிரிஸ்பேனில் ரோஸ் எமர்சன் அதையே செய்தார். முரளிதரனுக்கு அப்போது 23 வயது. கையைச் சோதித்து மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் அவர் பக்கம் பேசியது 1996இல். பதினைந்து பாகை வரை முழங்கை நிமிரலாம் என்று சர்வதேசக் கிரிக்கெட் சபை எல்லோருக்கும் பொதுவாக வரம்பு வைத்தது 2005இல். இடையில் எந்த நாளும் தொழில் முடிந்திருக்கலாம். பாடசாலையை முடித்ததும் நேரே மைதானத்துக்குப் போன ஒருவருக்கு மைதானம் மறுக்கப்பட்டால் வேறென்ன மிச்சம்? வேறொரு பையனாக இருந்தால் இந்தக் கேள்வியே அவனைக் குடித்திருக்கும். முரளிதரனின் மன உறுதியைக் குறைத்து மதிப்பிடச் சொல்லவில்லை. அந்த உறுதிக்குப் பின்னால் சுவர் ஒன்று இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கண்டி நகரின் மறுபக்கம் இன்னொரு வீடு. க்ஷேம சங்கக்கார சட்டத்தரணி. மகன் குமார், திரித்துவக் கல்லூரியில் 1996இல் சிறந்த சகலதுறை மாணவருக்கான ரைட் தங்கப் பதக்கம் பெற்றவர், மாணவர் தலைவராகவும் இருந்தவர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். 2000 ஜூலையில் அவரை நாட்டின் அணி எடுத்துக்கொண்டது. சட்டப் படிப்பு நடுவழியில் நின்றது. அமெரிக்கர்கள் சொல்லும் அர்த்தத்தில் ‘கல்லூரியை முன்கூட்டியே விட்டவர்’ என்றால் கண்டிக்கு அவர்தான் சரியான உதாரணம். 2011இல் எம்.சி.சி.யின் கவுட்ரி சொற்பொழிவில், 1983 கலவரத்தில் தன் பெற்றோர் கண்டி வீட்டில் தமிழ்க் குடும்பங்களை ஒளித்து வைத்ததை அவரே நினைவுகூர்ந்தார். 2019இல் அந்த எம்.சி.சி.க்கே தலைவரானார், பிரித்தானியர் அல்லாத முதல் தலைவர். முடிக்காத பட்டம் அவரைத் தடுக்கவில்லை. ஆனால் அவர் வீட்டிலும் திரும்பிப் போக ஓர் இடம் இருந்தது: தகப்பனின் சட்டப் புத்தக அலுமாரி.

ஒரு பிஸ்கட் முதலாளி, ஒரு சட்டத்தரணி. கண்டி தந்த இரண்டு பெரிய பெயர்களும் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தது தற்செயல் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முரளிதரனுக்குப் பிறகு மலையகத் தமிழரிலிருந்து இன்னொரு முரளிதரன் வராததற்குத் திறமைப் பஞ்சத்தைக் காரணம் சொல்பவர்கள், லயத்திலிருந்து புனித அந்தோனியார் கல்லூரி வாசல் வரை எத்தனை படி என்று எண்ணிப் பார்க்கட்டும். தோட்டப் பாடசாலையில் புல்தரை விக்கெட் கிடையாது. லெதர் பந்து, கால் கவசம், துடுப்பு, எல்லாமே விலை. 2016இலிருந்து சட்டம் பிள்ளையை 16 வயது வரை பாடசாலையில் வைத்திருக்கச் சொல்கிறது. கிரிக்கெட் கண்ணில் பட வேண்டிய வயது அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தோட்டத்துப் பையன் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகும் வயதும் அதுதான். அவனும் பாடசாலையை முன்கூட்டியே விடுகிறான், ஆனால் எந்தச் சங்கமும் அவனுக்காக வழக்காடுவதில்லை.

பணம் இப்போது வேறு வழியில் வருகிறது. முதல் ஐ.பி.எல். ஏலத்தில், 2008இல், சென்னை முரளிதரனை 6 இலட்சம் டொலருக்கு எடுத்தபோது அவருக்கு வயது 35; எழுநூறு டெஸ்ட் விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்து முடித்திருந்தார். அதே சென்னை 2022இல் கூப்பிட்ட கண்டிப் பையனுக்கு வயது 19. மதீஷ பதிரண, திரித்துவக் கல்லூரி. 2019இல் பாடசாலை ஆட்டம் ஒன்றில் 7 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்த காணொளி கைபேசிக்குக் கைபேசி பறந்தது. மாலிங்கவைப் போலத் தோளுக்குக் கீழிருந்து வரும் பந்து. 2020 இளையோர் உலகக் கிண்ணத்தில் வேகமானி பிழையாக மணிக்கு 175 கிலோமீற்றர் என்று காட்டியதில் பெயர் இன்னும் பரவியது. காயம்பட்ட அடம் மில்னுக்குப் பதிலாக சென்னை அவரை அழைத்தது. 2022 மே 15, ஐ.பி.எல்.லில் முதல் பந்திலேயே சுப்மன் கில்லை வீழ்த்தினார். இலங்கைக்காக அவர் முதன்முதலில் ஆடியது அதற்கும் மூன்று மாதம் கழித்து, ஓகஸ்ட்டில். முரளிதரன் காலத்து வரிசை பாடசாலை, கழகம், நாடு, பிறகு பணம். பதிரணவுக்குப் பணம் நாட்டை முந்திவிட்டது. 2025 பருவத்துக்கு அவரைத் தக்கவைக்கச் சென்னை கொடுத்தது 13 கோடி இந்திய ரூபா.

இந்தப் புது வரிசை வீட்டு வசதியைக் கேட்பதில்லை என்பதுதான் அதன் நல்ல பக்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசெம்பரில், 19ஆவது பிறந்தநாளுக்கு முதல் நாள், லங்கா பிரிமியர் லீக்கில் இறங்கி அஞ்சலோ மத்தியூஸின் விக்கெட்டை எடுத்தார். 2024 மே மாதம் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல்.லிலும் ஆடினார். அந்த அணியின் சுழற்பந்துப் பயிற்சியாளர் குண்டசாலைக்காரர்தான். மறுபக்கம், ஏலத்தில் பெயர் வராத பையனுக்கு இந்த வரிசை ஒன்றும் வைத்திருக்கவில்லை. பெயர் வந்தாலும் உத்தரவாதம் இல்லை: பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துச் சத்னாம் சிங்கை 2015இல் டல்லஸ் அணி 52ஆவது தெரிவாக எடுத்தபோது இந்தியாவே கொண்டாடியது, என்.பி.ஏ. தெரிவில் இடம்பெற்ற முதல் இந்தியர் என்று. அவர் அங்கே ஒரு பருவ ஆட்டம்கூட ஆடவில்லை. அமெரிக்கக் கல்லூரிகளோ 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க இடம் கொடுத்தன. 2025 ஜூலையிலிருந்து தாங்களே நேராகப் பணம் கொடுக்கின்றன. ஹேவுட் வழக்காடிய காரணம் கல்லூரிக்குள்ளேயே தீர்ந்துவிட்டதால், அங்கே அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டிய தேவை குறைந்துவிட்டது. இலங்கைப் பாடசாலைகள் மாணவருக்குப் பணம் கொடுக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, கொடுக்கவும் கூடாது. கழகச் சம்பளமாவது ஒரு பையனை இருபத்திரண்டு வயது வரை தாங்குமா என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி.

முரளிதரன் 2007 டிசெம்பர் 3ஆம் திகதி போல் கொலிங்வுட்டின் விக்கெட்டைச் சாய்த்து ஷேன் வோர்னின் உலக சாதனையை முறியடித்தது திரித்துவக் கல்லூரிக்குச் சொந்தமான அஸ்கிரிய மைதானத்தில். பந்து போட்டவர் அந்தோனியார் கல்லூரிப் பழைய மாணவர். இந்த இரு கல்லூரிகளும் மோதும் ‘மலைநாட்டு நீலங்களின் சமரை’ அறிந்தவர்களுக்கு இதில் உள்ள குறும்பு விளங்கும். அதோடு அஸ்கிரியவின் டெஸ்ட் வாழ்வும் முடிந்தது. புதிய மைதானம் குண்டசாலைப் பிரதேசத்திலேயே, பல்லேகலையில் எழுந்தது. அங்கே முதல் டெஸ்ட் 2010 டிசெம்பர் 1இல், மேற்கிந்தியத் தீவுகளோடு. முரளிதரன் தன் 800ஆவது விக்கெட்டோடு காலியில் விடைபெற்றது அதே ஆண்டு ஜூலை 22. சொந்த ஊர் மைதானத்தில் ஒரு டெஸ்ட்கூட ஆடக் கொடுத்துவைக்கவில்லை. மத்திய மாகாண சபை அவர் பெயரை அதற்குச் சூட்டத் தீர்மானித்தது. பலகையில் இன்றும் இருப்பது பல்லேகல என்ற பெயர்தான். ஓய்வுக்குப் பின் அவர் எங்கே போனார் என்பதற்கும் பதில் உண்டு. 2024இல் கர்நாடகத்தின் சாமராஜநகரில் குளிர்பானமும் மிட்டாயும் செய்யும் தொழிற்சாலைக்கு முதலீடு அறிவித்தார். மூத்த மகன் கடைசியில் குடும்பத் தொழிலுக்கே வந்து சேர்ந்தார், நடுவில் 133 டெஸ்ட் ஆடிவிட்டு.

கிரிக்கெட்டை இங்கே நிறுத்தி அடுத்த வாரம் ரக்பிக்குப் போகிறோம்: 1945இல் திரித்துவமும் ரோயலும் பிராட்பி கேடயத்துக்காக முதல் தடவை மோதியதும், அந்த மைதானத்திலிருந்து தேயிலைக் கம்பனிகளின் அலுவலகங்களுக்குப் போன பாதையும்.